பதினொரு இருதயராஜ்

சர்வருக்கு முகம் தெரியாது.
இப்போதுதான் பதில் வாங்கிப் போனவர்
மறுபடி வந்து தட்டினாலும்
"யாரு?" என்றுதான் கேட்கும்.
அதனால் ஓர் எண் கொடுத்தனுப்புகிறோம்,
முப்பத்திரண்டு எழுத்து, வாயில் நுழையாதது.
அதைக் கொண்டுவந்தால் ஆள் அவர்தான்.
கொண்டுவந்தது யார் என்பது
சர்வரின் கவலை இல்லை.

அந்த எண்ணை நான் முகவரியிலேயே ஒட்டியிருந்தேன்.
மூன்று வருஷம் முந்தி, அழகாபுரத்தில்
செல்போன் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்
பெயின்ட் காயாமல் இருந்த வாரம்.
"இப்போதைக்கு" என்று பக்கத்தில் எழுதியும் வைத்தேன்.

மே மாதம், இரண்டாவது சனி.
சூரமங்கலத்து இருதயராஜ்
ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் பிடித்தார்.
நாலு அறை, ரெண்டு கூடுதல் மெத்தை,
ஃபிரிட்ஜ் உண்டா என்று ஒரு கேள்வி.
"எல்லாரும் பாத்துக்கங்க" என்று
லிங்க்கை நகலெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார்.
எண்ணும் கூடவே போயிற்று,
இரவல் கொடுத்த சட்டைப் பையில்
வீட்டுச் சாவி போவதுபோல.

11:42 முதல்
பதினொரு பேர் இருதயராஜ் ஆனார்கள்.
லாகில் தெரிவது செல்போன் கம்பெனிகள்தான்.
செவ்வாய்ப்பேட்டை, ஓமலூர் எல்லாம் என் ஊகம்.
ஒருவர் மலைப் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்,
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அறுந்து
அடுத்த வளைவில் மறுபடி இருதயராஜாக எழுந்தவர்.

ஒருவர் ஓர் அறையைக் குறைத்தார்.
இன்னொருவர் திருப்பிக் கூட்டினார்.
யாரோ அவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினார்.
12:07க்கு ஒரு விரல்
மூலையில் இருக்கும் 'முந்தைய பதிவுக'ளைத் தொட்டது.

பிப்ரவரி, ஒரு புதன்கிழமை.
ஓர் அறை, இரண்டு பேர்.
இரண்டாவது பெயருக்கான கட்டம் காலி.
காலியாக விடலாம் என்று அனுமதித்ததும் நான்தான்.

அந்தப் பக்கம் ஐந்து நிமிஷம் திறந்திருந்தது.
படிக்க நாலு வரிதான்.

திங்கட்கிழமை போன் வந்தது.
சத்தம் போடுவார் என்று முபீன் ஸ்பீக்கரை அணைத்தான்.
அவர் சத்தமே போடவில்லை.
பின்னால் மிக்ஸி ஓடும்போது மட்டும் பேசினார்.
"யார் பாத்தாங்கன்னு சொல்ல முடியுமா மேடம்?"

தேடினேன் சார்.
பதினொரு பேரும் நீங்கள்தான்.
குறைத்ததும் நீங்கள், கூட்டியதும் நீங்கள்,
12:07க்குப் பார்த்ததும்
நீங்கள்தான் என்கிறது.

மிக்ஸி நின்றது.
அவரும் நின்றார்.
அது மறுபடி ஓடியதும்,
"வேற யாரோடதோ, கம்ப்யூட்டர்ல கலந்துடுச்சுன்னு
ஒரு மெயில் போட முடியுமா?"

அன்றிரவு திருத்தினேன்.
எண்ணை முகவரியிலிருந்து எடுத்துக் குக்கீக்குள் வைத்தேன்.
கடவுச்சொல் சொல்லி ஒருவர் உள்ளே வந்ததும்
பழைய எண்ணைக் கிழித்துப் புதியது கொடு.
இருபது நிமிஷம் அசைவில்லையா, மறந்துவிடு.
'வெளியேறு' என்று ஒருவர் சொன்னால்
அவர் போனில் மட்டும் இல்லை,
உன் நினைவிலும் அழி.
ஆறிய தட்டுவடை செட்டோடு உட்கார்ந்திருந்த முபீனுக்கு
என் லிங்க்கை அனுப்பினேன்.
அவனிடம் "யாரு?" என்று கேட்டது.
இரண்டு பேரும் சிரித்தோம், கொஞ்சம்.

மெயில் எழுத அதைவிட நேரமானது.
"எங்கள் கோளாறால்
காட்டக் கூடாத பதிவுகள் காட்டப்பட்டன.
மன்னிக்கவும்."
ஒரு சொல்லும் பொய் இல்லை.
யாருடைய பதிவு என்பதை மட்டும் எழுதவில்லை.
'பதிவு' என்று தொடங்கி 'பதிவுகள்' என்று மாற்றினேன்.
அந்த 'கள்' அவருக்காக.
அது போதுமாக இருந்ததா, தெரியாது.

புதன் காலை 6:15.
ஒரே ஓர் இருதயராஜ் உள்ளே வந்தார்.
கடவுச்சொல் சரி,
அதனால் அவர்தான் என்று வைத்துக்கொள்கிறோம்.
நாலு அறையை ஐந்தாக்கினார்.
ஐந்தாவதில் ஒருவர் மட்டும்.
பிறகு, எங்கள் தளத்தில் யாருமே தொடாத
அந்த 'வெளியேறு' பொத்தானை
அழுத்திவிட்டுப் போனார்.